பிடித்துக்கொண்டிருப்பது

வீட்டுக் கதவைத் திறந்ததும் ஸுஹைறாவின் மூக்கில் ஏறியது, அப்பத்துக்குக் கரைத்து மூடிவைத்த மா புளித்துப் பொங்கிய வாசம். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. காலையிலிருந்து விடாத மழையில், கடற்கரை வீதியில் தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தவள் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்று இன்னொரு முறை மூச்சை இழுத்தாள். ஊறிய சுவரின் வாசமும், கடலிலிருந்து வந்த உப்புக்காற்றின் வாசமும், அவள் காலையில் தரைக்குப் போட்ட கிருமிநாசினியின் காரமும் இருந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில் அந்தப் புளிப்பு.

குசினிக்குள் போய்ப் பார்த்தாள். மாவும் இல்லை, பானையும் இல்லை. அந்த வீட்டில் அப்பம் சுட்டு ஒரு வருசத்துக்கு மேலாகியிருந்தது.

"மச்சான், ஆராச்சும் அப்பமாக் கொண்டு தந்தாங்களா?"

"இல்லியே." றாஸிக்கின் குரல் முன்னறையிலிருந்து வந்தது. "என்னத்துக்குக் கேக்கிற?"

"சும்மாதான்."

றாஸிக் அவளுடைய கணவன். இறக்காமத்து வயல்களிலிருந்து நிந்தவூர் ஆலைகளுக்கு நெல் ஏற்றும் சொந்த லொறி ஒன்று அவனுக்கு இருந்தது. நீரிழிவு என்னும் சீனி வருத்தம் சிறுநீரகங்களைத் தின்ற பிறகு லொறி வாசலில் தார்ப்பாய் மூடி நின்றது. அவன் முன்னறையில் கிடந்தான். தொப்புளுக்குப் பக்கத்தில் துளையிட்டு வைத்த மெல்லிய குழாயொன்றின் வழியாக ஒரு பை நிறைய மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு, சில மணித்தியாலம் அதை உள்ளே ஊறவைத்து, உடம்பின் கழிவோடு திரும்ப வெளியே எடுப்பார்கள். நாளுக்கு நாலு தடவை. சிறுநீரகம் செய்யவேண்டிய வேலையை அந்தத் தண்ணீர் செய்தது. அதற்காகவே முன்னறையின் சாமான்களையெல்லாம் அகற்றி, சுவருக்கும் மாபிள் பதித்து, அறையை ஆஸ்பத்திரி போலாக்கியிருந்தாள் ஸுஹைறா.

அந்த அறைக்குள் போனதும் வாசம் கூடியது.

அவன் மத்தியானம் வடித்த பை தட்டில் கிடந்தது. வழக்கமாக அதிலிருப்பது பால் விடாத இளந்தேத்தண்ணி நிறம். பைக்கு அடியில் பேப்பரை விரித்து எழுத்தைப் படித்துப் பார்க்க ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எழுத்துத் தெரிந்தால் பயமில்லை. ஸுஹைறா பேப்பரை விரித்துப் பையை மேலே வைத்தாள். எழுத்துக்கள் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கறையொன்றுதான் தெரிந்தது. தலைப்பின் பெரிய எழுத்துக்களைக்கூட அவளால் கூட்டிப் படிக்க முடியவில்லை.

"வயிறு நோகுதா?"

"இல்ல."

"காய்ச்சல்?"

"ஒண்டுமில்ல புள்ள. நல்லாத்தான் இரிக்கன்."

வயிற்றுக்குள் கிருமி புகுந்தால் மனிதர் சுருண்டு கிடந்து அழுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவன் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான்.

அவனைப் பார்த்துவந்த டொக்டர் அபுல் ஹஸன் அன்று மாலையே அவனை ஆஸ்பத்திரி வோட்டில் மறித்துவிட்டார். மறுநாள், ஆளில்லாத நடைபாதைக்கு ஸுஹைறாவை அழைத்துவந்து சொன்னார்: "பங்கசு. மதுவ வகை. குழாயிட உட்பக்கத்தில படலமாப் படிஞ்சிரிக்கும். குழாயக் கழட்டாம இது தீராது. ஆனா சத்திரசிகிச்சை மட்டக்களப்பிலதான் செய்யணும், ரோட்டெல்லாம் தண்ணி. வத்தினதும் அனுப்புறன். அதுவரைக்கும் மருந்தேத்துவம்."

அவர் சொன்னது அவளுக்குப் புதிதில்லை. கல்முனையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் நுண்ணுயிர்ப் பகுதியைப் பார்ப்பவள் அவள். பேராதனையில் முதுமாணிக்குப் படித்தபோது மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டின் உறவான இதே இனத்து மதுவத்தைத்தான் இரண்டு வருசம் கண்ணாடிக் குப்பிகளில் வளர்த்தாள். தெரிந்திருந்ததுதான் அவளை உட்காரவிடாமல் செய்தது. வீட்டிலிருந்த துணியையெல்லாம் அவித்தாள். கதவுப் பிடிகளைத் துடைத்தாள். துடைத்த பிடியைத் தொட்டுவிட்டுக் கையைக் கழுவினாள், கழுவிய கையை முகர்ந்து பார்த்தாள், மறுபடி கழுவினாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிப்போயின.

அவன் வயிற்றுத் தண்ணீரில் ஒரு துளியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்த் தட்டில் இட்டு, மேலே மருந்து வில்லைகளை வைத்து வளர்த்தாள். அவளோடு வேலை செய்யும் ஞானராணி அக்காதான் அடுத்த நாள் சூட்டுப்பெட்டியைத் திறந்து தட்டை வெளியே எடுத்தார். வெள்ளை வெளேரென்று, வெண்ணெய் தடவியது போல வளர்ந்திருந்தது. மருந்து வில்லைகளைச் சுற்றி வட்டமாக வெறுமை விட்டிருக்கவேண்டும். வில்லைகளையே காணவில்லை. அவற்றுக்கு மேலாலும் படலம் ஏறியிருந்தது.

"இதென்னகா, ஒரு மருந்துக்கும் சாகுதில்ல?" என்றார் ஞானராணி.

"படலமாப் படிஞ்சா அப்பிடித்தான் அக்கா. ஒண்டோட ஒண்டு ஒட்டி, பசை மாதிரி ஒண்டக் கக்கி, அதுக்குள்ள இருந்துக்கும். மருந்து உள்ள போனாலும் துணைப்புரதம் எண்டு ஒண்டு இரிக்கி. சூடோ நஞ்சோ பட்டா உடம்பில உள்ள புரதமெல்லாம் உருக்குலையும். துணைப்புரதம் போய் அதுகளத் தாங்கிப் பிடிச்சுக்கும். உருக்குலைய விடாது. அதனாலதான் சாகாம நிக்கிது."

"பிடிச்ச கைய விடவெச்சா?"

"விழுந்திரும். நான் படிச்சதே அதுதான்."

"அப்ப அதையே மருந்தாக் குடுக்கலாமே."

"மனிசர்ட உடம்பிலயும் அந்தப் புரதம் இரிக்கே அக்கா. அது கைய விட்டா மனிசரும் விழுவாங்க."

ஞானராணி தட்டை மூடி மெல்ல உள்ளே வைத்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். கழுவப் போனார்.

பேராதனை ஆய்வு முடிந்தபோது மிஞ்சிய தடுப்பான் சிறு குப்பியொன்றில் ஆய்வுகூடத்துக் குளிரூட்டியின் மூலையில் கிடந்தது. துணைப்புரதத்தைப் பிடியை விடவைக்கும் திரவம். ஸுஹைறா ஒரே ஒரு துளியை எடுத்து, புதிதாக வளர்த்த தட்டொன்றில் மருந்தோடு சேர்த்து விட்டுப் பார்த்தாள். மறுநாள் அங்கே படலம் கிழிந்து வட்டமாக வெறுமை விழுந்திருந்தது. ஆக, அதையும் கொல்லலாம். கொல்லும் வழியை அவனுக்குக் கொடுக்கமுடியாது, அவ்வளவுதான். அன்று சூட்டுப்பெட்டியை மூடிவிட்டு நெடுநேரம் அதன் கதவில் கை வைத்து நின்றாள்.

வோட்டில் றாஸிக்குக்குக் காய்ச்சல் வரவே இல்லை. மூன்றாம் நாள் வடித்த பையைப் பேப்பரின் மேல் வைத்தபோது மரண அறிவித்தல்களின் பொடி எழுத்துக்கூடத் தெளிவாகத் தெரிந்தது. இரத்தப் பரிசோதனையும் நல்லதென்றே சொன்னது. டொக்டர் பேப்பரையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார்.

"வருத்தமில்லாதவன் வோட்ல கெடந்து என்ன செய்ய?" என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டான் றாஸிக்.

வந்தவன் கோழிக்கறி கேட்டான். இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டான். மஃரிபு தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு நடந்து போனான், நடந்தே வந்தான். படிக்கட்டில் மூச்சு வாங்காமல் ஏறி மேல்மாடிக் கதவைத் திறந்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, "அல்லாஹ் ஒங்கட துஆவக் கேட்டுட்டான்" என்றார்கள். ஸுஹைறா தலையாட்டினாள். அவள் கேட்டது இதைத்தான். தொழுகை விரிப்பான முஸல்லாவில் முகம் புதைத்து, இதே சொற்களில், இவனை இப்படியே எழுந்து நடக்கவைக்கச் சொல்லித்தான் கேட்டிருந்தாள்.

ஆனால் வாசம் போகவில்லை. அவன் எழுந்த நாற்காலியில் ஈரம் இருந்தது, வியர்வையை விடத் தடிப்பாக; விரலால் தொட்டால் இழுபட்டது. ஊசி ஏற்றி ஏற்றிக் கறுத்திருந்த அவனுடைய முன்கைத் தழும்பு ஒரு நாளில் வெளுத்து வழவழப்பாகிவிட்டது. முகத்தில் தாடி வளரவில்லை. அவன் உறங்க, தலைமாட்டில் ஓதிக்கொண்டிருந்தபோது ஒருமுறை அவன் நெஞ்சில் கை வைத்தாள், துடிப்பு இருந்தது. ஒரே சீராக இருந்தது. அவள் வேண்டுமென்றே பக்கத்தில் கோப்பையைப் போட்டு உடைத்தாள். அவன் திடுக்கிட்டு எழுந்தான். துடிப்பு மாறவில்லை.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தார்ப்பாயைக் கழற்றி லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பின்னேரம் அவள் வந்தபோது லொறி வாசலில் நின்றது, சில்லெல்லாம் வயல்சேறு. அவன் முன்னறையில் உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"இறக்காமத்துக்குப் போனன். குளத்துக் கட்டுக்கிட்ட ஆன நிண்டது. தனியன். ரோட்ட மறிச்சிட்டு நிண்டது."

"யா அல்லாஹ். மறுகா?"

"எங்களக் கண்டதும் பின்னுக்குப் போயிட்டு. தும்பிக்கையத் தூக்கி மணம் பிடிச்சது. பிடிச்சிட்டு அப்பிடியே பின்னுக்குப் பின்னுக்குப் போய்க் காட்டுக்க இறங்கிட்டு. ஆன பின்பக்கமா நடந்து நான் இண்டைக்குத்தான் கண்டன்."

"ஒங்களோட ஆரு வந்த?"

"ஆரும் இல்லியே. நான் மட்டும்தான்."

அவள் அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தான் சொன்னதில் ஏதும் பிழையிருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை. நம்மட வீடு, நம்மட லொறி, நம்மட ஊர் என்றுதான் கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவளையும் சேர்த்துக் கதைப்பான். அன்று சாப்பிடும்போது, "எங்களுக்கு இன்னும் கொஞ்சம் போடு" என்றான். மேசையில் அவனுடைய கோப்பை மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலை அவன் வடித்த பையில் கொஞ்சத்தைக் குழாய்க்குப்பியில் எடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனாள். ஞானராணி அக்கா அன்று லீவு. மழை இருட்டில் கட்டடம் முழுக்க மின்விளக்கு எரிந்தது. மின்பிறப்பாக்கியின் அதிர்வு மேசையில் ஏறி அவளுடைய முழங்கைக்குள் இறங்கியது. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தாள்.

மதுவம் ஒன்றையும் காணவில்லை. வயிற்றின் உட்தோலிலிருந்து உதிர்ந்து வந்த றாஸிக்கின் சொந்த உயிர்க்கலங்கள் மட்டும் தட்டுத் தட்டாகக் கிடந்தன. உருண்டையாக, முழுசாக, படத்தில் வரைந்தது போல. இவ்வளவு நேர்த்தியான கலங்களை அவள் எந்த நோயாளியிடமும் கண்டதில்லை. உருப்பெருக்கைக் கூட்டினாள். ஒவ்வொரு கலத்தையும் சுற்றி இழை ஓடியிருந்தது. சிலந்தி நூலிலும் மெல்லிய வெள்ளை இழை. கலத்தைச் சுற்றி, கலத்துக்குள் போய், அடுத்த கலத்துக்குத் தாவி.

ஆய்வுகூடங்களில் நீலச்சாயம் ஒன்று உண்டு. உயிருள்ள கலம் அதை உள்ளே விடாது. செத்த கலத்துக்குள் மட்டும்தான் ஏறும். ஸுஹைறா தகட்டின் ஓரத்தில் ஒரு துளி வைத்தாள். நீலம் மெல்லப் பரவியது.

எல்லாம் நீலமாயின.

வேறு தகட்டில் போட்டுப் பார்த்தாள். புதுச் சாயக்குப்பியை உடைத்தாள். தன்னுடைய வாயின் உட்புறத்தைச் சுரண்டி அதையும் ஒரு தகட்டில் வைத்தாள். அதில் வெள்ளையாய் நின்ற கலங்களும் இருந்தன. அவனுடையதில் ஒன்றுகூட வெள்ளையில்லை. இன்று செத்தவையாகவும் தெரியவில்லை. செத்து எத்தனையோ நாளான கலங்கள். ஆனாலும் உருண்டையாக நின்றன. ஏதோ ஒன்று உருக்குலைய விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

குளிரூட்டியிலிருந்து குப்பியை எடுத்தாள். தகட்டில் ஒரு துளி விடப்போய் இரண்டு விழுந்தன.

முதலில் இழைகள் தளர்ந்தன. பிறகு ஓரத்திலிருந்த ஒரு கலம் குழிந்தது. சுருங்கியது. கரைந்தது. பக்கத்தில் இன்னொன்று. மற்றொன்று. கொஞ்ச நேரத்தில் நீலக் கலங்கலைத் தவிரத் தகட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். கைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. டொக்டர் அபுல் ஹஸன்.

"ரோட்டுல தண்ணி வத்திட்டு ஸுஹைறா. மட்டக்களப்பில இடம் எடுத்துட்டன். அம்புலன்ஸ் பின்னேரம் வரும். குழாய எடுத்துட்டு, வயித்தையும் நல்லாக் கழுவி விடுவாங்க. அதுக்கெண்டு புது மருந்தும் வந்திரிக்கி. ஆள ரெடியா வெச்சிருங்க."

"டொக்டர்," என்றாள்.

"பயப்பிடாதீங்க. ஆள் நல்ல திடமா இரிக்காரே."

குப்பியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்புலன்ஸ் அவளுக்கு முன்னமே வந்து வாசலில் நின்றது. சாரதி மீராமுகைதீன் ஜன்னலால் தலையை நீட்டினார்.

"கெதியாக் கூட்டி வாங்க தங்கச்சி. கடல் இரையிறத்தப் பாத்தா மழை இன்னும் இரிக்கி. சுணங்கினா பாலத்தில மறுகா தண்ணி ஏறிரும்."

"ஓம். வாறம்."

உள்ளே கரண்ட் இல்லை. முன்னறையின் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மாபிள் சுவர் ஈரமாய் மினுங்கியது. சுவரில் கை வைத்தாள். வழுக்கியது. வெதுவெதுப்பாக இருந்தது.

றாஸிக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டையை நெஞ்சுவரை தூக்கிப் பிடித்திருந்தான். பக்கத்தில் எவர்சில்வர் தட்டு. தட்டில் குழாய். முழுக் குழாயும், வயிற்றுக்குள் இருந்த சுருளோடு சேர்த்து.

"எடுத்துட்டன்," என்றான்.

இரத்தமில்லை. தட்டிலும் இல்லை, விரிப்பிலும் இல்லை. சத்திரசிகிச்சைக் கூடத்தில் வெட்டித்தான் எடுப்பார்கள் அதை.

"நோகல்லியா?"

"இதுக்கு நோகல்ல." அவன் அவளுடைய கைப்பையைப் பார்த்தான். "காலைல நீ கண்ணாடித் துண்டுல அத விட்டாய்தானே. அப்பதான் எங்களுக்கு நொந்தது."

அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

வெளியே ஹோர்ன் அடித்தது. ஒருமுறை. கொஞ்சம் விட்டு, நீளமாக.

"அங்க போனா கழுவுவாங்க," என்றான் றாஸிக். குரல் அவனுடையதுதான். சந்தையில் மீன் விலை பேசும் அதே குரல், முதல் முறை அவளைப் பெண் பார்க்க வந்து தொண்டை அடைத்துப் போன அதே குரல். "கழுவினா என்ன மிஞ்சும் எண்டு ஒனக்குத் தெரியும். டொக்டருக்குத் தெரியா. நீ பாத்தாய்."

"நீங்க எங்க மச்சான்?" என்றாள். கேட்டபோது தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், புருவம் சுருங்கியது. "இஞ்சதான்," என்றான் கடைசியில். "பிடிச்சிரிக்கிறவரைக்கும் இஞ்சதான்."

ஸுஹைறா கைப்பைக்குள் கை விட்டாள். குப்பி குளிர்ந்து கிடந்தது. மூடியைத் திருகினாள். அவன் நகரவில்லை. தடுக்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி, ஊசி போட வரும் தாதிக்குக் காத்திருப்பவன் போல, திறந்த துளையை அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. வெள்ளையாக இல்லை. வெறும் கண்ணீர்தான்.

அவள் வெளியே போனாள்.

"அவருக்கு ஸுகம் காக்கா," என்றாள் மீராமுகைதீனிடம். "வேணாமாம். டொக்டருக்கு நான் சொல்றன்."

"இவ்வளவு தூரம் வந்து..."

"அவர் வரமாட்டாராம்."

அவர் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். எஞ்சினை முடுக்கினார். வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு திரும்பியது. அது பிரதான வீதிக்கு ஏறும்வரை நின்று பார்த்துவிட்டு, வாசல் வடிகானில் குப்பியைக் கவிழ்த்தாள். மழைத்தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு கடல் பக்கமாய்ப் போனது.

முன்னறைக்குத் திரும்பி வந்தாள். கதவைச் சாத்தினாள். அவன் படுத்திருந்தான். துளையை மூடவேண்டும் என்று தோன்றியது, வேறெதுவும் தோன்றவில்லை. பஞ்சு எடுத்தாள். குனிந்தாள்.

துளைக்குள் இருட்டில்லை. வெள்ளை. அடிவரை வெள்ளை. மெல்ல அசைந்தது.

ஓரத்திலிருந்து ஓர் இழை எழுந்தது. காற்றில் நின்றது. தேடியது. பிறகு அவளுடைய சுட்டுவிரலைத் தொட்டது.

ஈரம். வெதுவெதுப்பு. கழுவிக் கழுவி வெளுத்துப்போன விரல் நுனியில், நகத்துக்கும் சதைக்கும் நடுவே, அது நுழைந்தது.

நோகவில்லை.

இரண்டாவது இழை எழுந்தது. மூன்றாவது. முதலாவது ஏற்கெனவே மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. தோலுக்கடியில், நீல நரம்போடு நரம்பாக, அவசரமில்லாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

ஸுஹைறா கையை இழுத்துக்கொள்ளவில்லை. மற்றக் கையால் போர்வையை எடுத்து, அவனுடைய நெஞ்சுவரை மூடிவிட்டாள்.